உப்புக்காற்று ஊரில் சோயா சமையல்: பால், தயிர், டோஃபு, மீல் மேக்கர் செய்ய முழுமையான வழிகாட்டி

பாம்பன், மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை என்று எங்கள் ராமநாதபுரம் கரையோரத்தில் பால், மீன், கறி மூன்றையும் விட்டு வீகனாக மாறியவர்கள் இப்போது அங்கங்கே இருக்கிறார்கள். சில வீடுகளில் கூடவே நின்று சோயாப் பால் காய்ச்சவும் டோஃபு (சோயாப் பாலைத் திரித்து அழுத்தி எடுக்கும், பனீர் மாதிரியான கட்டி) பிடிக்கவும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் தடுக்கி விழுவது ஒரே நாலு இடத்தில்தான். தண்ணீர், காய்ச்சும் நேரம், பாலை உறைய வைக்கும்போது கரண்டி போடும் கை, மீல் மேக்கரைப் பிழியாமல் விடுவது. அந்த நாலு இடத்திலும் கொஞ்சம் நின்று சொல்கிறேன். மற்றதை வேகமாகக் கடந்துவிடலாம்.

1. முதலில் தண்ணீரைப் பாருங்கள்

வேறு ஊர்க்காரர்கள் எழுதிய செய்முறைகளில் தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. நம் ஊரில் அதுதான் முதல் வேலை. இங்கே பெரும்பாலான கிணறும் ஆழ்துளைக் குழாயும் உவர்ப்பு. அந்தத் தண்ணீரில் உப்போடு சுண்ணமும் (கால்சியம்) மெக்னீசியமும் கரைந்திருக்கும். இந்த இரண்டும் சோயாவின் புரதத்தைப் பிடித்து இறுக்கிவிடும். டோஃபு செய்யும்போது நாமே சேர்க்கிற பொருட்களும் இவைதான். அப்படியிருக்க, ஊறவைக்கும்போதும் அரைக்கும்போதுமே அவை உள்ளே போய்விட்டால் பயறு சரியாக மெத்தென்று ஆகாது, பால் குறைவாக வரும், அடுப்பில் ஏறியதும் குருணை குருணையாகத் திரியும்.

நான் முதல் முறை வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் அரைத்தேன். கொதி வருவதற்கு முன்பே பால் திரிந்துவிட்டது. பயறு மட்டம் என்று நினைத்து இரண்டு கடை மாற்றி வாங்கினேன். அதன் பிறகுதான் தண்ணீரை மாற்றிப் பார்க்கத் தோன்றியது.

சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். எந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு வேக மறுக்கிறதோ, சோப்பு நுரைக்காமல் பிசுபிசுக்கிறதோ, அது சோயாவுக்கும் ஆகாது. குழாயில் வரும் காவிரித் தண்ணீர் நல்லது. அது வராத நாளில் கேன் தண்ணீர் போதும். ஒரு முறை செய்ய ஊறவைப்பதற்கும் அரைப்பதற்கும் சேர்த்து நாலு லிட்டர் நல்ல தண்ணீரை எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பாத்திரம் கழுவ மட்டும் கிணற்றுத் தண்ணீர்.

2. எடுத்து வைக்க வேண்டியவை

சோயா பீன்ஸ் 250 கிராம். மளிகைக் கடையில் சாப்பாட்டுக்கென்று விற்பதையே வாங்குங்கள். விதைக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்க வேண்டாம், விதைப் பயறில் பூச்சிமருந்து பூசியிருப்பார்கள். வெளிர் மஞ்சளாக, உடையாமல், சுருக்கம் இல்லாமல் இருக்க வேண்டும். கடல் ஈரம் பட்டுப் பழசான பயறில் எண்ணெய்ச் சிக்கு வாடை வரும், எவ்வளவு ஊறினாலும் கட்டையாகவே நிற்கும். அதனால் அரைக் கிலோவுக்கு மேல் வாங்கிச் சேர்த்து வைக்காதீர்கள்.

அடி கனமான பெரிய பாத்திரம் வேண்டும், பால் நிற்கும் அளவைவிட இரண்டு மடங்கு கொள்ளளவில். மிக்ஸி, நீளமான மரக்கரண்டி, பிழிவதற்குப் பழைய வேட்டித் துணி அல்லது மல் துணி. டோஃபுவுக்கு அச்சு வேண்டும் என்றால் புதிய ஓலைக் கொட்டான் ஒன்று போதும். தண்ணீர் தானாக வடியும், துணி விரிக்கவும் வாகாக இருக்கும். கருவாடு போட்டு வைத்த கொட்டானை எடுக்க வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் வாடை ஏறிவிடும்.

3. ஊறவைப்பது

பயறைக் கழுவி, மூன்று மடங்கு தண்ணீர் ஊற்றி வையுங்கள். குளிர்ந்த ஊர்களில் 10, 12 மணி நேரம் என்பார்கள். நம் வெயிலுக்கு 6 முதல் 7 மணி நேரம் போதும். சித்திரை, வைகாசியில் இரவு முழுக்க வெளியே விட்டால் காலையில் நுரை கட்டிப் புளித்திருக்கும். இரவில்தான் ஊறவைக்க முடியும் என்றால் ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள்.

ஊறியதா என்று பார்க்க ஒரு பயறை இரண்டாகப் பிளந்து பாருங்கள். உள்பக்கம் தட்டையாக, ஒரே நிறமாக இருந்தால் சரி. நடுவில் குழியாக, அடர்ந்த மஞ்சளாக இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் வேண்டும். இந்தச் சோதனையைத் தாண்டிப் போகாதீர்கள். அரைகுறையாக ஊறிய பயறில் பால் பாதிதான் வரும்.

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சோயாவைச் சாப்பிட்டால் வயிறு உப்புவதற்குக் காரணமான சர்க்கரைகளில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கும். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள்.

4. அரைப்பதும் பிழிவதும்

"பச்சை வாடை தாங்கவில்லை" என்று சோயாப் பாலைக் கைவிட்டவர்கள் பெரும்பாலும் குளிர்ந்த தண்ணீரில் அரைத்தவர்கள். பயறு நொறுங்கி ஈரமும் காற்றும் பட்டதும் அதில் உள்ள ஒரு நொதி எண்ணெய்ச் சத்தின் மேல் வேலை செய்து அந்த வாடையை உண்டாக்குகிறது. நல்ல சூட்டில் அந்த நொதி செத்துப் போகும். ஆகவே அரைக்கும் தண்ணீர் கொதித்து இறக்கிய சூட்டில் இருக்க வேண்டும். ஒரு முறை வாடை ஏறிவிட்டால் அப்புறம் எவ்வளவு காய்ச்சினாலும் முழுதாகப் போகாது.

குடிக்கிற பாலுக்கு 250 கிராம் பயறுக்கு மொத்தம் 2 லிட்டர் தண்ணீர். தயிருக்கும் டோஃபுவுக்கும் ஒன்றே முக்கால் லிட்டர். குடிக்கும் பால் என்றால், ஊறிய பயறைக் கொதிக்கிற தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவோடு 5 நிமிடம் போட்டு வடித்துவிட்டு அரைப்பது இன்னும் நல்லது. டோஃபுவுக்கு அதைச் செய்யாதீர்கள். பயறுக்குள்ளேயே புரதம் வெந்து இறுகிவிடும், பாலில் இறங்காது.

மிக்ஸி ஜாரில் பாதிக்கு மேல் நிரப்பாமல், மூடியைத் துணியோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, நாலைந்து தடவையாக அரையுங்கள். சூடான தண்ணீர் ஆவியாகி மூடியைத் தள்ளும். கையைச் சுட்டுக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். விரலிடுக்கில் தேய்த்தால் ரவை மாதிரி நெருடாத அளவுக்கு மைய அரைக்க வேண்டும்.

துணியில் ஊற்றி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் முறுக்கிப் பிழியுங்கள். சக்கையை எறிய வேண்டாம். அதில் நார்ச்சத்தும் கொஞ்சம் புரதமும் இருக்கிறது. கடலைப்பருப்பு வடை மாவில் மூன்றில் ஒரு பங்கு, அல்லது அடை மாவில் ஒரு கை சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அது இன்னும் பச்சைதான். நன்றாக வெந்த பிறகே வாயில் வைக்க வேண்டும். நம் சூட்டில் இரண்டு மணி நேரத்தில் கெடும், உடனே ஃபிரிட்ஜுக்குப் போகட்டும்.

5. காய்ச்சுவது: பொய்க் கொதியை நம்ப வேண்டாம்

பாலை நடுத்தரத் தீயில் வைத்து, அடியைத் துழாவிக்கொண்டே இருங்கள். சோயாப் பால் மாட்டுப் பாலைவிட வேகமாக அடிப்பிடிக்கும். அடியில் கொஞ்சம் கருகினாலும் முழுப் பாலிலும் தீய்ந்த வாசனை வந்துவிடும்.

பால் கொதிநிலைக்கு வெகு முன்பே நுரையாகப் பொங்கி எழும். புதிதாகச் செய்பவர்கள் அதைப் பார்த்து, பால் கொதித்துவிட்டது என்று அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். அது பொய்க் கொதி. பச்சைச் சோயாவில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருட்கள் உண்டு. அவை அடங்கப் போதிய நேரம் கொதித்தாக வேண்டும். இல்லையென்றால் குமட்டல், வயிற்றுவலி, பேதி. "எனக்குச் சோயா ஒத்துக்கொள்ளாது" என்று சொன்ன இரண்டு பேர் வீட்டில் கேட்டுப் பார்த்தேன், பொங்கியதும் இறக்கியிருந்தார்கள்.

நுரை எழுந்ததும் தீயைக் குறைத்து, நுரையை அகப்பையால் வழித்து எடுங்கள். பால் உண்மையாகக் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து கடிகாரம் பார்த்து 15 நிமிடம் சிறு தீயில் விடுங்கள்.

இப்படிக் காய்ச்சிய பாலில் புரதம் ஏறக்குறைய மாட்டுப் பால் அளவுக்கே இருக்கும். இனிப்புக்கு நம் ஊர்ப் பனங்கருப்பட்டி மிகப் பொருத்தம். அதன் வாசம் சோயாவின் மிச்ச வாடையை மூடிவிடும். ஆனால் கொதிக்கிற பாலில் கருப்பட்டியை நேராகப் போட்டால் திரியலாம். பதநீருக்குச் சுண்ணாம்பு சேர்த்திருப்பார்கள். கருப்பட்டியைத் தனியே கரைத்து வடிகட்டி, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, பால் வெதுவெதுப்பாக ஆனதும் கலக்குங்கள். காபிக்கும் இதே கதைதான். டிகாக்‌ஷனின் புளிப்பும் சூடும் சேர்ந்து பாலைத் திரிக்கும். வெதுவெதுப்பான பாலில் டிகாக்‌ஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். டீயில் அவ்வளவு தொல்லை இல்லை.

6. தயிர்

மாட்டுத் தயிர் உறை இல்லாமல் தொடங்க, காம்போடு கூடிய பச்சை மிளகாய் போதும். மிளகாய்க் காம்பில் பாலைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அரை லிட்டர் பால், விரல் வைத்தால் இதமாகச் சுடும் பதத்துக்கு ஆறியதும், ஒரு தேக்கரண்டி சர்க்கரையைக் கலந்து, ஏழெட்டு மிளகாய்க் காம்புகளைக் கழுவிப் போட்டு மூடி வையுங்கள். சர்க்கரை ஏன் என்றால், மாட்டுப் பாலில் உள்ள பால் சர்க்கரை சோயாவில் கிடையாது. நுண்ணுயிருக்குத் தீனி வேண்டும்.

முதல் தடவை உறைவது ஒழுங்கில்லாமல் இருக்கும், காரவாடையும் இருக்கும். அதைச் சாப்பிடாமல் உறையாக மட்டும் பயன்படுத்துங்கள். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்துப் போடுகிற இரண்டாவது, மூன்றாவது தயிர்தான் நல்ல தயிர். கோடையில் 5, 6 மணி நேரம், மழைக்காலத்தில் 8 மணி நேரம். உறைந்ததும் ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். இந்தக் காற்றில் ஒரு மணி நேரம் தாண்டினாலும் புளிப்பு ஏறிவிடும். இளஞ்சிவப்பாகவோ, நூல் மாதிரி இழுத்தோ, அழுகல் வாடையோடோ வந்தால் உறையோடு கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

தயிர்சாதத்துக்கு இது நன்றாகவே பொருந்தும். மோர்க்குழம்பில் மட்டும் கவனம். கொதிக்க விடாமல், அரிசிமாவு ஒரு கரண்டி கரைத்துச் சேர்த்து, நுரை கட்டியதும் இறக்க வேண்டும்.

7. டோஃபு

பாலை உறைய வைக்க மூன்று வழி. மெக்னீசியம் குளோரைடு (கடைகளில் நிகாரி என்ற பெயரில் வரும்), உணவுக்கென்று விற்கும் கால்சியம் சல்பேட் (ஜிப்சம்), எலுமிச்சைச் சாறு. நிகாரியில் கட்டி மிருதுவாக, லேசான இனிப்போடு வரும். கால்சியம் சல்பேட்டில் செய்தால் டோஃபுவில் சுண்ணாம்புச்சத்தும் சேரும், பால் குடிக்காதவர்களுக்கு அது பெரிய உதவி. எலுமிச்சையில் செய்தால் உதிரியாக, புளிப்பாக வரும். புளிக்குழம்பில் போடப் போகிறோம் என்றால் அதில் குறையொன்றும் இல்லை. பழக எலுமிச்சை, வழக்கத்துக்குக் கால்சியம் சல்பேட் என்பது என் சிபாரிசு. கட்டடக் கடை ஜிப்சம் பவுடரை மட்டும் யாரும் தொட வேண்டாம்.

"ஏன் அக்கா, கடல் தண்ணியையே ஊத்துனா உறையாதா?" என்று பக்கத்து வீட்டுத் தங்கச்சி கேட்டாள். நல்ல கேள்வி. நிகாரி என்பதே கடல்நீரில் உப்பு விளைந்த பிறகு மிஞ்சும் கசப்பு நீரிலிருந்து வருவதுதான். வாலிநோக்கம் பக்கத்து உப்பளப் பாத்திகளிலும் அந்த நீர் மிஞ்சும். உறையும்தான். ஆனால் கரையோரக் கடல் நீரில் படகு டீசலும் கழிவும் கலந்திருக்கும். பாத்தி நீர் சுத்திகரிக்காதது, அதில் என்னென்ன எவ்வளவு என்று நமக்குக் கணக்குத் தெரியாது. வாயில் போகிற பொருளுக்கு அது வேண்டாம்.

250 கிராம் பயறின் பாலுக்கு நிகாரியோ கால்சியம் சல்பேட்டோ ஒன்றரை தேக்கரண்டி, அல்லது எலுமிச்சைச் சாறு நாலு மேசைக்கரண்டி. எதுவானாலும் அரை டம்ளர் வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள்.

15 நிமிடம் கொதித்த பாலை இறக்கி 5 நிமிடம் விடுங்கள். கொதிக்கிற சூட்டில் ஊற்றினால் கட்டி ரப்பர் மாதிரி இறுகும், ஆறிப்போனால் சேராது. மரக்கரண்டியால் பாலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கரைசலில் மூன்றில் ஒரு பங்கை ஊற்றுங்கள். இன்னொரு பங்கை மேலே தூவினாற்போல ஊற்றி மூடுங்கள். 5 நிமிடம் கழித்து, பால் இன்னும் வெள்ளையாக நிற்கிற இடங்களில் மீதியை விடுங்கள். மறுபடி மூடி 10 நிமிடம்.

இங்கேதான் கை சும்மா இருக்காது. திறந்து திறந்து கிண்டுவார்கள். கிண்டக் கிண்டத் திரள் உடைந்து, டோஃபு கட்டியாகச் சேராமல் புட்டு மாதிரி உதிரும். கரைசல் ஊற்றியபின் கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். திரளைச் சுற்றி இளமஞ்சளாக, தெளிந்த நீர் பிரிந்தால் முடிந்தது. நீர் பாலாகவே இருந்தால் அரை தேக்கரண்டி அளவு கரைத்து விளிம்பில் மட்டும் விடுங்கள். கசப்பு வந்தால் கரைசல் அதிகமாகிவிட்டது என்று பொருள், அடுத்த முறை குறைத்துக்கொள்ளலாம்.

துணி விரித்த கொட்டானில் திரளை அள்ளி வைத்து, மடித்து மூடி, மேலே ஒரு தட்டும் ஒரு கிலோ எடையும் 30 நிமிடம். வறுவலுக்கு இன்னும் இறுக வேண்டுமானால் இரண்டு கிலோ. எடுத்தவுடன் வெட்டாமல், குளிர்ந்த நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்க வையுங்கள். சூட்டோடு வெட்டினால் விரிசல் விடும். தண்ணீரை தினமும் மாற்றினால் ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். தண்ணீர் வழவழப்பாகிவிட்டால் சாப்பிடக் கூடாது.

8. மீல் மேக்கர்

விசைப்படகுகள் கடலுக்குப் போகாத ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாளில் மீன் சமைக்கிற பல வீடுகளிலும் இது அடுப்பேறும். அதனால் பழகிய பொருள்தான். ஆனாலும் பாதிப் பேர் தவறாகச் செய்கிறார்கள்.

எண்ணெய் எடுத்த சோயா மாவைச் சூட்டோடு அழுத்திப் பிதுக்கி எடுத்தது மீல் மேக்கர். 100 கிராமில் புரதம் 50 கிராமுக்கு மேல். பாக்கெட்டின் பின்பக்கம் சோயா மாவு மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். மசாலாவோடு வருவதில் சில நேரம் பால் பொடி இருக்கும்.

உப்பும் தட்டிய இஞ்சியும் போட்டுத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, மீல் மேக்கரைப் போட்டு 10 நிமிடம் மூடுங்கள். வடித்து, குளிர்ந்த தண்ணீரில் அலசி, உள்ளங்கையில் வைத்துப் பிழியுங்கள். மறுபடி அலசிப் பிழியுங்கள். பிழியும் நீர் தெளியும்வரை, மூன்று முறையாவது. அந்த நீரில்தான் மாட்டுத்தீவன வாடை இருக்கிறது. அதோடு, பஞ்சு மாதிரி உள்ளே நீர் நிரம்பி இருந்தால் மசாலா எங்கே போய் உட்காரும்? பிழிந்து காலியாக்கினால்தான் உப்பும் காரமும் உள்ளே ஏறும். பெரிய உருண்டைகளைப் பிழிந்தபிறகு இரண்டாக நறுக்குங்கள்.

பிரியாணி என்றால் பிழிந்ததைச் சோயாத் தயிர், இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூளில் அரை மணி நேரம் ஊறவைத்து, எண்ணெயில் ஓரம் சிவக்கப் புரட்டிய பிறகு மசாலாவில் சேருங்கள்.

9. மீன் குழம்பு ருசியில் ஒரு குழம்பும் வறுவலும்

வறுவலுக்கு டோஃபுவை விரல் கனத்துக்கு வெட்டி ஃப்ரீசரில் ஓர் இரவு உறைய விடுங்கள். மறுநாள் வெளியே எடுத்து இளகியதும் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக அழுத்தி நீரை எடுங்கள். உறையும்போது உண்டான பனிக்கட்டி உள்ளே துளைகளாக்கிவிடும். அதனால் கடிக்க அடுக்கடுக்காக இருக்கும், மசாலாவும் உள்ளே போகும். மீனுக்குத் தடவுகிற அதே மசாலாவைத் தடவி, இரும்புத் தோசைக்கல்லில் எண்ணெய் நன்றாகக் காய்ந்தபின் போடுங்கள். அடிப்பக்கம் தானாக விடும்வரை திருப்ப வேண்டாம்.

குழம்புக்கு நல்லெண்ணெயில் வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி. 2023ல் புவிசார் குறியீடு பெற்ற நம் குண்டு மிளகாயை ஊறவைத்து அரைத்துப் போட்டால் நிறமும் கெட்டியும் சேர்ந்து வரும். புளி ஊற்றி, தேங்காய் சேர்த்து, எண்ணெய் பிரியும்வரை குழம்பை முதலில் முடித்துவிடுங்கள். டோஃபு கடைசி 5 நிமிடம்தான் உள்ளே இருக்க வேண்டும், கூடினால் கரண்டி பட்டு உடையும். மீல் மேக்கர் என்றால் 15 நிமிடம் முன்னாடியே போடலாம்.

கடல் வாடை வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி. கஞ்சிப்பாசி என்கிற கடற்பாசி காய்ந்தது ஒரு சின்னக் கைப்பிடி எடுத்து, மணல் போக நாலைந்து முறை அலசி, துணியில் பொட்டலமாகக் கட்டிக் குழம்பில் 10 நிமிடம் போட்டு எடுத்துவிடுங்கள். பாசியிலேயே உப்பு இருக்கும், உப்பைப் பிறகு பார்த்துப் போடுங்கள்.

10. சோயாவால் தர முடியாதவை

புரதம் போதும் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். வைட்டமின் பி12 சோயாவில் கிடையாது. பால், மீன், முட்டை மூன்றையும் விட்டவர்கள் அதை மாத்திரையாகவோ, பி12 சேர்த்த உணவாகவோ எடுத்தே ஆக வேண்டும். குறைந்தால் நரம்பு பாதிக்கப்படும், வெளியே தெரிய நாளாகும்.

மாட்டுப் பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 120 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து. வீட்டில் செய்த சோயாப் பாலில் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் வரும். கேழ்வரகுக் கூழ், எள், முருங்கைக்கீரை மூன்றையும் வாரத்தில் மாற்றி மாற்றிச் சேருங்கள். கடையில் சோயாப் பால் வாங்கினால் சர்க்கரை சேர்க்காததாக, கால்சியமும் பி12ம் சேர்த்ததாகப் பாருங்கள். கால்சியம் அடியில் தங்கும், குலுக்கிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாக இந்தப் பாலைக் கொடுக்கக் கூடாது. சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் எதையுமே தொட வேண்டாம். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் காலையில் மாத்திரையோடு சோயாப் பால் குடித்தால் மருந்து உடம்பில் சேர்வது குறையும். இரண்டுக்கும் நடுவில் எத்தனை மணி நேரம் விட வேண்டும் என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு, அதற்கேற்பச் சோயாவை மதியத்துக்கோ மாலைக்கோ மாற்றிக்கொள்ளுங்கள்.